நாற்றும் ஆடும்

பிள்ளையை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதா, இருக்குமிடத்திலேயே இருத்துவதா என்னும் வினா பெரும்பாலும் எல்லா வீடுகளிலும் ஒருமுறை எழுவதுதான். ஆண்டின் தொடக்கத்தில் எழுந்தால் அது வெறும் வினா. ஆண்டின் நடுவே எழுந்துவிட்டாலோ அது நோயாகிவிடும். தாய்க்கு உறக்கம் இல்லை. தந்தைக்குச் சோறு இறங்குவதில்லை. பாட்டன்மாருக்கு மட்டும் பேச்சுக் குறைவதில்லை. இந்நோய்க்கு உரியவராகிய பிள்ளையோ முற்றத்தில் பட்டம் விட்டுக்கொண்டிருக்கும்.

கெலிஓயாப் பகுதியில் இந்நோய் சற்று மிகுதி. காரணம் வெளிப்படை. பேராதனையிலிருந்து கம்பளைக்குச் செல்லும் பெருவீதியில், மகாவலி கங்கைக்கு அணித்தாய் அமைந்த எங்கள் ஊருக்கும் கண்டி நகருக்கும் இடையே பத்து மைல் தூரங்கூட இல்லை. பேருந்து உண்டு; புகையிரதம் உண்டு. நகரிலே நூற்றாண்டு கடந்த பெரும் பாடசாலைகள் பல உண்டு. எட்டாத கனியை அண்ணாந்து பார்ப்பார் எவருமில்லை. எட்டுவது போலத் தோன்றும் கனிதான் கழுத்தை வலிக்கச் செய்கிறது. காலை ஆறு மணிக்கு எங்கள் கடைவீதியில் நின்று பாருங்கள். பாடசாலை வான்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டி நோக்கிச் செல்லும். உள்ளே சிறு தலைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து உறங்கிக்கொண்டிருக்கும்.

ஆண்டு நடுவில் இவ்வினா எழுவதேன்? நம் நாட்டில் ஐந்து வயது நிறைந்த பிள்ளையை முதலாந் தரத்திற் சேர்க்கின்றோம். பெயர்பெற்ற பாடசாலையில் முதலாந் தரத்தில் இடம் பெறுவதற்கு வீட்டின் தூரம், பழைய மாணவர் உறவு, உடன்பிறந்தார் பயிலுதல் முதலியவற்றுக்குப் புள்ளிகள் இடப்படுகின்றன. புள்ளி போதாதவர் வெளியே நிற்பர். வெளியே நின்றவர், இடைத் தரங்களில் என்றைக்கேனும் ஓர் இடம் வெறிதாகாதா என்று காத்திருப்பர். அந்த இடம் எப்பொழுது வெறிதாகும்? அங்கே பயிலும் வேறொரு பிள்ளையின் தந்தைக்கு இடமாற்றம் வரவேண்டும்; அல்லது ஒரு குடும்பம் கடல் கடந்து செல்லவேண்டும். இவை பஞ்சாங்கம் பார்த்து நிகழ்வன அல்ல. மே மாதத்தில் ஒருவர் விட்டுச்சென்ற நாற்காலிக்கு மே மாதத்திலேயே ஒருவர் ஓடவேண்டியிருக்கிறது. ஒரு வீட்டார் எடுத்த முடிபு மற்றொரு வீட்டாருக்கு வினாவாகிறது.

முஸ்லிம் அன்பர்கள் பலருக்கு இதனோடு இன்னொரு முடிச்சும் உண்டு. வீட்டிலே தமிழ், வீதியிலே சிங்களம், தொழிலுக்கு ஆங்கிலம். எம்மொழி மூலம் கற்பிப்பது? சிறு வயதிற் பாடசாலை மாற்றுவது அவர்களுக்குப் பலவேளை மொழியையே மாற்றுவதாக முடிகிறது. கண்டியிற் பிறந்த அறிஞர் சித்திலெப்பை (1838–1898) அவர்கள் வழக்கறிஞராக இருந்துகொண்டே பாடசாலைகள் நிறுவ ஊர் ஊராக அலைந்ததும், 1882 இல் ‘முஸ்லிம் நேசன்’ என்னும் தமிழ் இதழைத் தொடங்கியதும் இம்முடிச்சின் ஒரு நுனியைப் பிடித்துத்தான். நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது முழுதும் அவிழ்ந்தபாடில்லை.

இனி, நூல் வல்லார் பக்கம் சிறிது செல்வோம். பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை மூவகையாக வகுத்தார். அன்னமும் ஆவும் போல்வார் தலையாயவர். மண்ணும் கிளியும் போல்வார் இடையாயவர். இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி போல்வார் கடையாயவர். இவற்றுள் ஆட்டுக்கு உரையாசிரியர் கூறும் விளக்கம் நம் பொருளுக்கு மிக அணித்தாய் நிற்கிறது. ஆடு ஒரு செடியில் வயிறார மேயாது. செடிதோறும் சென்று நுனியைக் கடித்து அப்பாற் செல்லும். அதுபோல ஓராசிரியரிடம் முற்றக் கல்லாது பலரிடம் சென்று சிறிது சிறிதாகக் கற்பவன் ஆட்டு மாணாக்கன். பண்டித வகுப்பில் இப்பகுதியைப் படிப்பிக்கும்போதெல்லாம் மாணவர் சிரிப்பர். சென்ற ஆண்டு ஒரு மாணவர் சிரிக்காமல் எழுந்து, “ஐயா, ஆடு தானாகப் போகிறது. பிள்ளையைக் கயிறு கட்டி இழுத்துப்போவது யார்?” என்று கேட்டார். நல்ல கேள்வி. நன்னூலார் கூறியது தானே தேர்ந்து செல்லும் வயதுடைய மாணாக்கனை. ஏழு வயதுப் பிள்ளையின் கழுத்துக் கயிறு நம் கையிலல்லவா இருக்கிறது!

அன்றியும், செடிதோறும் சென்றவரெல்லாம் கடை மாணாக்கராயினர் என்று துணியவும் இயலாது. உ. வே. சாமிநாதையர் அவர்களின் இளமையை எண்ணிப் பாருங்கள். தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். பிழைப்பும் ஊர் ஊராய். குடும்பமும் ஊர் ஊராய். அரியலூரிற் சடகோபையங்கார், குன்னத்திற் சிதம்பரம் பிள்ளை, கார்குடியிற் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று ஆசிரியர் மாறிக்கொண்டே இருந்தனர். முடிவில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அடைந்து, அவர் 1876 இல் மறையும் வரையிற் பிரியாதிருந்தார். இந்த வரிசையில் ஒன்று கவனிக்கத்தக்கது. மகனுக்குக் கற்பிக்கத்தக்கவர் எங்கே இருக்கிறார் என்று தேடியே தந்தையார் பலமுறை குடும்பத்தை இடம் பெயர்த்தார். குடும்பம் முழுவதும் பிள்ளையோடு பெயர்ந்தது. பிள்ளை தனியே விடியற்காலையில் அனுப்பப்படவில்லை. மேலும், அவர் தேடிச் சென்றது ஆசிரியரை; கட்டடத்தையன்று. இன்று நாம் பாடசாலையின் பெயரைக் கேட்கிறோம். வாயிலின் உயரத்தைப் பார்க்கிறோம். விளையாட்டு மைதானத்தை அளக்கிறோம். இரண்டாந் தரத்திற்குக் கற்பிக்கும் ஆசிரியை யார் என்று கேட்போர் நூற்றுக்கு எத்தனை பேர்?

மேனாட்டு ஆராய்ச்சியாளரும் இதனை விட்டுவைக்கவில்லை. நியூசிலாந்துக் கல்வியியலாளர் ஜோன் ஹற்றி என்பார் 2009 இல் வெளியிட்ட நூலில், மாணவர் அடைவைப் பாதிக்கும் 138 கூறுகளை அளந்து வரிசைப்படுத்தினார். அவ்வரிசையிற் கடைசியாக, நன்மையினும் தீமையே மிகுந்ததாக நின்றது எது? பாடசாலை விட்டுப் பாடசாலை மாறுதல்! இதை வாசித்த ஆசிரிய நண்பர் ஒருவர் வெற்றிக்கொடி நாட்டியவர் போல என்னிடம் வந்தார். நான் அவரைச் சற்று அமர்த்தினேன். அடிக்கடி பாடசாலை மாறும் பிள்ளைகளின் வீடுகளிற் பெரும்பாலும் வேறு இடர்களும் உண்டு. வேலை இழந்த தந்தை, பிரிந்த தாய், கடன், வாடகை வீடு. பிள்ளை பின்தங்கியது மாறியதாலா, மாறச் செய்த துயரத்தாலா என்று பிரித்தறிவது எளிதன்று. ஆயினும், நண்பர்களை இழந்த பிள்ளைக்குப் புதிய இடத்தில் முதல் மாதத்திலேயே ஒரு தோழமை வாய்க்காவிடிற் படிப்பும் வாய்க்காது என்பதை ஏற்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. முப்பதாண்டு வகுப்பறையில் நின்றவர் எவரும் சொல்வர்.

தேராது மாறினவர்களைப் பற்றியே பேசுகிறோம். மாறவேண்டியே வந்தவர்களை மறக்கலாகாது. 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இற் செம்பாதியாகப் பங்கிடப்பட்டனர். இவை எழுத்திலே எண்கள். எங்கள் வகுப்பறையில் இவை வாங்குகள். 1979 இல் நான் மூன்றாம் வகுப்பிற் படித்தேன். தோட்டத்துப் பிள்ளைகள் பாதி, ஊர்ப் பிள்ளைகள் பாதி. திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒரு வாங்கில் இடைவெளி இருக்கும். ஆசிரியர் டாப்பில் ஒரு பெயரின்மேற் சிவப்புக் கோடு இழுப்பார். எவரும் ஒன்றும் கேட்பதில்லை. புகையிரதமேறித் தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலேறி இராமேசுவரத்திற்கும் போய்விட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

அவர்களுள் ஒருவன் பின்னாளிற் கூடலூரிலிருந்து எனக்குக் கடிதம் எழுதினான். இங்கே ஜனவரியிற் கல்வியாண்டு தொடங்குகிறது, தமிழ்நாட்டிலோ ஜூனில். அவன் போய்ச் சேர்ந்தது ஐப்பசி மாதம். இங்கே மூன்றாம் வகுப்பு முடிவுறும் தறுவாய். அங்கே வகுப்பு நடுவழி. அடுத்த ஜூன் வரையில் வீட்டிலிரு என்றார்களாம். வீடு என்பது அப்பொழுது ஒரு தகரக் கொட்டகை. தாய் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போக, அவன் தங்கையைப் பார்த்துக்கொண்டான். ஜூனிலே சேர்ந்தபோது கணக்கு மறந்திருந்தது, பெயரும் மறந்திருந்தது. எல்லாரும் அவனைச் ‘சிலோன்காரன்’ என்றே அழைத்தார்கள். இங்கே இருந்தபோது அவன் குடும்பத்தை ‘இந்தியாக்காரர்’ என்று கூறியவர்களும் உண்டு. அவன் கடிதத்தில் முறையீடு ஒன்றும் இல்லை. தன் வாங்கில் இப்பொழுது யார் இருக்கிறார் என்று மட்டும் கேட்டிருந்தான்.

நாடு மாறியோர் கதை ஓய்ந்த பின்னும் மலைச்சரிவு ஓயவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது தீவெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண் சரிந்து வீடிழந்தோர் பலர். அவர்தம் பிள்ளைகளுக்கு எப்பள்ளிக்கூடம் திறந்திருந்ததோ அதுவே பள்ளிக்கூடம். அவர்களை நினைத்தால், நாற்காலியில் அமர்ந்து இரு பாடசாலைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு செல்வம் என்றே தோன்றுகிறது. அச்செல்வம் வாய்த்தவர் அதனைப் பொறுப்போடு செலவிடவேண்டும்.

அச்செல்வம் 2025 ஆம் ஆண்டு இரண்டாந் தவணையில் எங்கள் வீட்டுக்கும் வந்தது. பேத்தி இங்கே கெலிஓயாப் பக்கத்துச் சிறு பாடசாலையொன்றில் இரண்டாந் தரம் படித்தாள். வகுப்பிற் பதினான்கு பிள்ளைகள். ஒரு மாலை மகள் வந்து, “அப்பா, கண்டியில ஒரு இடம் இருக்காம். இரண்டாம் வகுப்புலதான். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணுமாம்” என்றாள். மருமகன், “மாமா, நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்” என்று பொறுப்பை என் மடியில் இறக்கிவிட்டுத் தேநீர் குடிக்கத் தொடங்கினார். அன்று செவ்வாய்க்கிழமை.

மறுநாள் நான் பேத்தியின் பாடசாலைக்குச் சென்றேன். பண்டிதர் என்று அதிபர் நாற்காலி தந்தார். அதை வேண்டாமென்று வகுப்பாசிரியையிடம் சென்றேன். பிள்ளையின் அப்பியாசக் கொப்பிகளை இருவரும் புரட்டினோம். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இன்னும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தன. லகர ளகரங்கள் ஓரளவு இணங்கிவிட்டன. ஆசிரியை சொன்னார்: “ஐயா, இந்தத் தவணைதான் எழுத்துக் கூட்டாமல் வாசிக்க ஆரம்பிச்சிருக்கா. ஒன்று கவனிச்சீங்களா? விளங்காட்டியும் தலையை ஆட்டுவா. ஆட்டினதைப் பார்த்துட்டு நாங்க அப்பால போயிடக்கூடாது. பக்கத்துல குந்தித் திரும்பக் கேட்கணும்.”

இந்த ஒரு செய்தியை அறிய அவருக்கு ஓராண்டும் சில மாதங்களும் சென்றிருந்தன. நாற்பது பிள்ளைகள் அமர்ந்த வகுப்பிற் புதிய ஆசிரியை ஒருவர் இதனைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் செல்லும்? அதற்குள் எத்தனை முறை தலையாட்டப்படும்? நம் ஆரம்பக் கல்வி சீர்திருத்தம் 1999 இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபொழுது முதல் இரு தரங்களை ஒரு முதன்மை நிலையாகவும், மூன்றையும் நான்கையும் இரண்டாம் நிலையாகவும், ஐந்தை மூன்றாம் நிலையாகவும் வகுத்தனர். முதல் நிலையில் விளையாட்டும் செயலும் முதன்மை. மேசை வேலை குறைவு. அந்நிலை முடிய இன்னும் ஒன்றரைத் தவணை இருந்தது. நடுவே அறுப்பதற்கு அது உகந்த கணுவாக எனக்குத் தோன்றவில்லை.

வான் சாரதியிடமும் விசாரித்தேன். இரண்டாந் தரப் பிள்ளைகளுக்கு முற்பகலிலேயே வகுப்பு முடிந்துவிடும். வானோ பெரிய பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டுதான் திரும்பும். ஐந்து மணிக்கு எழுந்த பிள்ளை வீடு சேரப் பிற்பகல் இரண்டரை. இடையிலுள்ள மணிகளில் அது எங்கே இருக்கும் என்று கேட்டேன். “வானுக்குள்ளதான் ஐயா, ஜன்னலைத் திறந்து வைப்பேன்” என்றார். நல்ல மனிதர்.

ஆனால் என் மகள் சொன்னவையும் எளிதிற் தள்ளத்தக்கனவல்ல. ஜனவரியிலிருந்து இங்கே ஆங்கில ஆசிரியர் இல்லை. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதித்தான் பெரிய பாடசாலைக்குப் போகவேண்டுமெனில், அந்த ஓர் ஓட்டத்திற்காகப் பிள்ளையை மூன்றாண்டு வதைக்க நேரும். இப்பொழுதே உள்ளே சென்றுவிட்டால் அவ்வதை குறையும். இறுதியில் அவள் கேட்டாள்: “எல்லாரும் ஒவ்வொருத்தரா போயிட்டாங்கன்னா, நம்ம பிள்ளை மட்டும் கடைசியா நின்னு பள்ளிக்கூடத்தைப் பூட்டிட்டு வரணுமா அப்பா?”

இக்கேள்விக்கு நான் உடனே விடை கூறவில்லை. சிறு பாடசாலைகளைக் காக்கவேண்டும் என்று மேடையிற் பேசுவது வேறு. அதற்குத் தூணாக நம் பேத்தியை நிறுத்துவது வேறு. கன்னங்கரா அவர்கள் முயற்சியால் 1945 இல் வந்த இலவசக் கல்வி எவ்வூர்ப் பிள்ளைக்கும் கதவைத் திறந்தது. எல்லாக் கதவும் ஒரே அளவினவாக இருக்கவேண்டும் என்ற கனவு மட்டும் இன்னும் பாதியில் நிற்கிறது. அந்தப் பாதி வழியைத்தான் வான்கள் நாள்தோறும் கடக்கின்றன. பெற்றோரைக் குறை கூறுவதற்கு எனக்கு வாய் எழவில்லை.

எங்கள் பக்கத்துத் தோட்டத்திலே தேயிலைக் கன்று நடுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். நாற்றுமேடையிற் சிறு பைகளில் மாதக்கணக்காய் வளர்த்த கன்றை, மழை தொடங்கிய பின்னரே மலைச்சரிவுக்குக் கொண்டுபோவார்கள். பையை மட்டும் கிழிப்பார்கள்; வேரைச் சூழ்ந்த மண்ணை உதிரவிடமாட்டார்கள். நாற்று பிடுங்கி நடத்தானே வேண்டும் என்று என்னிடம் வாதாடிய அயலவர் ஒருவருக்கு நான் காட்டியது இதைத்தான். நடவேண்டும், மழை பார்த்து நடவேண்டும், மண்ணோடு நடவேண்டும். பிள்ளை அடிபடுகிறது, அஞ்சி நடுங்குகிறது, கற்பிக்க ஆளே இல்லை, குடும்பம் ஊர் மாறுகிறது என்றால் மழையும் பார்க்கவேண்டாம். அன்றே எடுத்துச் செல்லுங்கள். அத்தகைய இடத்தில் ஆண்டு முடிவுக்குக் காத்திருப்பது கொடுமை. அப்படி ஒன்றும் இல்லாதபோது, பெயருக்காக நடுத்தவணையிற் பிடுங்குவது வேறு. எடுத்துச் செல்வதானாலும் விடுகைப் பத்திரத்தோடு நின்றுவிடாமல், பழைய ஆசிரியை அறிந்தவற்றை ஒரு தாளில் எழுதி வாங்கிப் புதிய ஆசிரியையிடம் கொடுப்பது நன்று. தலையாட்டும் பழக்கத்தை எந்தப் பத்திரத்திலும் எழுதமாட்டார்கள். விடுமுறையில் ஒருநாள் புதிய இடத்தைப் பிள்ளைக்குக் காட்டவேண்டும். பழைய தோழியை மாதம் ஒருமுறையேனும் வீட்டுக்கு அழைக்கவேண்டும். மண் என்று நான் கூறியது இவற்றைத்தான்.

பிள்ளையைக் கேட்டீர்களா என்று வாசகர் வினவலாம். ஏழு வயதுப் பிள்ளையிடம், போவதா இருப்பதா என்று முடிவைக் கேட்பது அதன் தோளில் மூட்டையை ஏற்றுவதாகும். அதை நான் செய்யவில்லை. வியாழக்கிழமை மாலை, புதிய பாடசாலையைப் பற்றி என்ன அறிய விருப்பம் என்று மட்டும் கேட்டேன். பேத்தி நெடுநேரம் எண்ணிவிட்டு, “அங்க மணி யாரு தாத்தா அடிப்பாங்க?” என்றாள்.

அவள் பாடசாலையில் மின்மணி இல்லை. தண்டவாளத் துண்டொன்று மரத்திலே தொங்குகிறது. இரண்டாந் தரப் பிள்ளைகள் வாரத்துக்கு ஒருவராக அதை அடிப்பர். பட்டியலில் அவள் முறை வர இன்னும் மூன்று வாரம் இருந்தது.

வெள்ளிக்கிழமை மகள் கண்டிக்குத் தொலைபேசியிற் கூறிவிட்டாள்: இந்த ஆண்டு முடியட்டும், அடுத்த ஆண்டுக்கு வேறாக விண்ணப்பிக்கிறோம். என் சொல்லுக்காக அவள் அவ்வாறு செய்யவில்லை. வானுக்குள் ஜன்னலைத் திறந்து வைக்கும் செய்திதான் அவளை அசைத்ததென்று பின்னர் கூறினாள். அவ்விடம் மீண்டும் கிடைக்கும் என்று எவரும் உறுதி தரவில்லை. அதை அறிந்தே விட்டோம்.

அது பத்து நாளும் வெறிதாய் இருக்கவில்லை. எங்கள் பேத்தியின் வாங்கிலேயே அவளுக்கு அருகில் இருந்த பிள்ளைக்குத்தான் கிடைத்தது. ஆசிரியை டாப்பிற் கோடு இழுத்தார். வகுப்பிற் பதின்மூவர் ஆயினர். மணிப் பட்டியலில் அந்தப் பிள்ளையின் பெயர் பேத்தியின் பெயருக்கு மேலே இருந்தது. எனவே பேத்தியின் முறை ஒரு வாரம் முந்தி வந்தது.